பாஸ்போர்ட்டில் பிறந்த புலி

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காபி போட்டேன். பனி இருந்தது, மழை இல்லை என்று டைரியில் குறித்தேன். ஏழு மணிக்கு எங்கள் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியது. அது சுற்றிச் சுற்றி அறுத்து வர, கடைசியில் நடுவில் ஒரு பட்டைக் கதிர் மட்டும் நிற்கும். வயலில் உள்ள எலியெல்லாம் அதற்குள் ஒதுங்கியிருக்கும். அந்தப் பட்டையும் விழும்போது அவை வரப்பைப் பார்த்து ஓடும். வரப்பில் என் தம்பி மூங்கில் தடியோடு நின்றான். ஓடியதை அடித்தான், செத்துக் கிடந்ததையும் அடித்தான். எட்டரைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். அங்கே நான் எழுத்தர்.

பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கும் தம்பிக்கும் வீடு தனித்தனி, நடுச்சுவர் ஒன்று. அவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு மூன்று வருடத்துக்கு முன் திரும்பினான். வரும்போது பன்னிரண்டு மிருகங்கள் போட்ட காலண்டர் ஒன்றையும், அவனுடைய சீன சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த ஜோசியத்தையும் கொண்டுவந்தான். பிறந்த வருடத்துக்கு ஒரு மிருகம், மிருகத்துக்கு ஒரு குணம். 1974இல் பிறந்த அவன் புலியாம். புலி யாருக்கும் பயப்படாது, எதிர்த்துப் பேசினால் பொறுக்காது.

சிங்கப்பூர் போகும் முன்பும் அவன் பெண்டாட்டியை அடித்தவன்தான். ஆனால் மறுநாள் என் முகத்தைப் பார்க்கமாட்டான். புலியான பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. "என் ராசி அப்படிண்ணே" என்பான், சட்டை அளவைச் சொல்வதுபோல.

நான் 1970, நாய். விசுவாசமானது என்றான். அவன் மனைவி 1984, எலி. சீனர் கணக்கில் எலி கெட்டிக்காரி, சேர்த்து வைக்கத் தெரிந்தவள், எந்த இடத்திலும் பிழைக்க வழி பார்ப்பவள். காலண்டருக்குப் பின்னால் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. இவன் வாயில் அது நெல் தின்கிற எலியாகிவிட்டது. "வயல்ல எலியப் பார்த்தா என்னண்ணே செய்வோம்?" என்று அவளை வைத்துக்கொண்டே கேட்பான். ஒருமுறை நானும் சிரித்தேன். அன்றைய டைரியில் அதுவும் இருக்கிறது.

என் மனைவி மகளின் பிரசவத்துக்குச் சென்னை போயிருந்ததால் எனக்குச் சாப்பாடு தம்பி வீட்டிலிருந்து வரும். அன்று மாலை ஆறு மணிக்குத் தம்பி மனைவி தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். பின்னாலேயே அவனும் வந்து, தடியைக் கதவோரம் சாத்திவிட்டு உட்கார்ந்தான். சனிக்கிழமை சீன வருடம் பிறந்துவிட்டது, இது டிராகன் வருடம், புலிக்கு இனித் தடையே இல்லை என்று பேசிக்கொண்டு போனான்.

பேசாமல் இருந்திருக்கலாம். தப்பான தேதியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"நீ எழுபத்தி நாலு இல்லடா. ஆனந்த வருஷம் மாசி பத்து, அதாவது எழுபத்தஞ்சு பிப்ரவரி. அப்பா பஞ்சாங்கத்துல எழுதி வச்சிருக்காரு. ஸ்கூல்ல சேர்க்க வயசு பத்தலேன்னு ஒரு வருஷம் கூட்டிச் சொன்னாங்க. அதுதான் பாஸ்போர்ட்ல ஏறிடுச்சு."

அதனால் என்ன என்று கேட்டான். போனில் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தத் தேதிக்குச் சீனர் கணக்கில் முயல். சாது, சண்டைக்குப் போகாது, ஒளிய இடம் பார்க்கும்.

அவள் சிரித்துவிட்டாள். மூன்று வருடமாக அந்தச் சுவர் வழியாக நான் கேட்காத சத்தம் அது.

தடி எப்போது அவன் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. காலையில் பட்ட ரத்தம் அதில் காய்ந்திருந்தது. முதல் அடியை அவள் கையால் தடுத்தாள், மணிக்கட்டு ஒடிந்தது எனக்குக் கேட்டது. இரண்டாவது தோளில் விழுந்தது. அதுவரை நான் நாற்காலியில்தான் இருந்தேன். மூன்றாவது அடிக்கு எழுந்து தடியைப் பிடித்தேன். அவன் முழங்கை என் உதட்டைக் கிழித்தது. "யாருடா முயல்?" என்றான். பிறந்ததிலிருந்து என்னை 'டா' போட்டதில்லை. தடியை விட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

ஆட்டோவில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவள் அழவில்லை. வல்லம் தாண்டியதும் கேட்டாள்.

"மாமா, நீங்க எல்லாத்தையும் எழுதுவீங்களே. என்னை அடிச்சதையும் எழுதினீங்களா?"

எழுதியிருக்கிறேன் என்றேன்.

"தேதியோடயா?"

"நேரத்தோட."

ஒடிந்த கையை மடியில் ஏந்திக்கொண்டாள். பிறகு, "அப்ப, சுவத்துக்கு அந்தப் பக்கம் மணி பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள்.

போலீஸில் கொடுத்தால் பக்கத்து வீட்டுச் சாட்சி கேட்பார்கள், அடித்தவருடைய அண்ணனே வந்து சொல்வாரா என்று அவள் ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். வருவேன் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளை என் வீட்டிலேயே படுக்கச் சொல்லி, வாசல் கதவை உள்ளே தாழிட்டேன். அவன் இரண்டு தரம் வந்து கதவை உதைத்துவிட்டுப் போனான். நேரம் குறிக்கவில்லை.

13ஆம் தேதி காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை. முதலில் மூன்று வருட டைரிகளையும் எடுத்து, அவன் அடித்த நாட்களின் பக்கங்களை முனை மடித்தேன். நான் சிரித்த நாளையும் மடித்தேன். எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம் வாம்மா என்று அவளை எழுப்பினேன்.