சமாதிப் படியில் ஒரு வெள்ளைக் கறை

நான் குடியேறிய டண்டினொங் நகரில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது நல்ல வேலைதான். எதையும் நாலு தடவை அளந்து பார்த்துத்தான் வெட்டுவேன் என்பதால் முதலாளிக்கு என்னைப் பிடிக்கும். பயத்தில்தான் அளக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் துணியில் சுற்றிய பழைய படத்தோடு வந்தார். ட்ரக் ஓட்டி ஓய்வுபெற்றவர். லாகூரில் இருக்கும் ஒரு சீக்கிய மகாராஜாவின் சமாதியைப் பிடித்த படம். அந்தப் பக்கத்துக்குக் கமரா வந்த புதிதில் எடுத்ததாம். பிரிவினையில் வீட்டை விட்டு ஓடிவந்தபோது அவருடைய தகப்பன் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்த பொருள். செவ்வாய்க்கிழமை எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேசை விளக்கின் கீழே விரித்தேன். தேயிலைச் சாயம் மாதிரி நிறம். கும்மட்டங்கள், வளைவுகள், அகன்ற படிகள். கல்லுக் கல்லாக எண்ணலாம் போலிருந்தது. அப்போதுதான் கண்டேன்: கடைசிப் படியில், படத்தின் கீழ் ஓரத்தோடு, விரல் நுனி அளவில் ஒரு வெள்ளைக் கறை. வெள்ளிக்கிழமைகளில் திருநீறு கொஞ்சம் அள்ளியே பூசுவேன். நெற்றி வேர்வையைத் துடைத்த கையாலேயே படத்தையும் வாங்கியிருக்கிறேன்.

ஊதினேன். போகவில்லை. துடைக்கத் துணியை எடுத்தேன். படமும் சேர்ந்து கையோடு வந்துவிட்டால்? துணியை வைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டேன்.

"கையக் கழுவிப்போட்டுத் தொட்டிருக்கலாம்தானே?"

"இனி என்ன செய்யிறது?"

"அந்த மனிசனிட்ட உள்ளதச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்ல? மகாராஜாவின்ர சமாதியில சாம்பல் பூசிப்போட்டன் எண்டோ?"

"சமாதியெண்டால் சாம்பல் இருக்கும்தானே அப்பா," என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையை, கீழ்ப்பக்கம் ஒரு விரல் அகலம் கூட்டி வெட்டினேன். கறை அட்டைக்குள் மறைந்துவிட்டது. சட்டத்துக்குள் பார்க்க இன்னும் எடுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரியவர் வந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தை எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன். படத்தைத் தூக்கிப் பிடித்து, "வடிவாயிருக்கு," என்றார். நான் மூச்சு விட்டேன். பிறகு அவருடைய விரல் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் போய் நின்றது.

"எங்கட ஆள் எங்க?"

"எந்த ஆள்?"

"கடைசிப் படியில நிண்டவர். வெள்ளையா, புகை மாதிரி."

நான் உள்ளதைக் கொட்டிவிட்டேன். திருநீறு, ஊதியது, அட்டையை அகலமாக வெட்டியது, எல்லாம் சொன்னேன்; துணி எடுத்ததை மட்டும் விட்டுவிட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பிரதர், என்ர பூட்டனைத் திருநீறாக்கிப் போட்டீங்களே!"

அந்தக் காலத்துக் கமராவுக்கு முன்னால் கனநேரம் ஆடாமல் நிற்க வேண்டுமாம். கட்டடம் நின்றது, தெளிவாக விழுந்தது. அவருடைய பூட்டன் சமாதிக்கு வருகிறவர்களின் செருப்புகளை வாங்கி வைக்கும் தொண்டு செய்தவர். படம் பிடிக்கும் நேரம் பார்த்து யாரோ செருப்பைக் கழற்ற, மனிதர் வாங்கக் குனிந்துவிட்டார்; ஆடியதால் புகையாக விழுந்துவிட்டார். அவர்களுடைய வீட்டில் இதை மகாராஜாவின் படம் என்று யாரும் சொல்வதில்லை. பூட்டன் குனிந்த படம் என்றுதான் சொல்வார்களாம்.

"துணியால துடைக்கப் பாத்தனான்," என்றேன். அதையும் மறைக்க மனம் வரவில்லை.

அவருடைய சிரிப்பு நின்றது.

"பிறகேன் துடைக்கேல்ல?"

"பயம்."

"நல்ல காலம், பயந்த ஆளிட்டக் குடுத்தனான்," என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில், என் பயத்தை ஒருவர் மெச்சி அன்றுதான் கேட்டேன். பின்பலகையைக் கழற்றிப் புது அட்டை எடுத்தேன். அவர் கதிரையை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கறையின் ஓரத்தோடு அளவுகோலை வைத்து நாலாவது தடவையும் அளந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவு கிட்ட வேண்டாம் பிரதர்," என்றார். "கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கோ. அவர் சும்மா நிக்கிற ஆளில்ல."