குண்டூசி குத்திய முன்னூறு பேர்

பிறகு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன். படம் சேர்த்து வைக்கிற ஓர் இணையத்தளத்தில் என் வீட்டுப் படத்தைப் பார்த்து, பிடித்துப்போய், தன் பலகையில் குண்டூசி குத்தி வைத்துக்கொண்ட ஒவ்வொருவரும் கற்பிட்டிக்கு வந்து என் வீட்டில் தங்கத்தான் போகிறார் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்கு இல்லை. ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முழு மனதோடு நம்பினேன்.

இதில் என் மூளையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. எங்கள் ஊர் ஆடுகளுக்கும் பங்கு உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் பக்கத்தில் உழ்ஹிய்யா, அதாவது குர்பானி, கொடுக்கிறவர்கள் ஆடு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பட்டிக்குப் போய், பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, ஆடு மனதுக்குப் பிடித்துவிட்டால் அதன் கழுத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய ஆடு. வேறு யார் வந்து என்ன சொன்னாலும் ஆட்டுக்காரர் பேசாமல் அதன் கழுத்தைக் காட்டுவார். துணி கட்டியவர் திரும்பி வராமல் போனதாக நான் ஒரு கதை கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் கடலேரிப் பக்கமாக இரண்டு அறைகள் இருக்கின்றன. சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் பெரிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் ஓடுவதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டிக்கு வருவார்கள். அவர்களில் சிலர் எங்களிடம் தங்குவார்கள். எல்லாரிலும் நிச்சயமாக வருகிறவர்கள் ஒரு ஜெர்மன் தம்பதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். காற்றாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் நாள் முழுக்கப் புத்தகம் வாசிப்பார். அந்த அம்மா என் மனைவியோடு குசினியில் குந்தியிருந்து தேங்காய் துருவுவார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஓயாமல் கதைப்பார்கள், சிரிப்பார்கள். ஏழு வருடமாக அதே மூன்று வாரம், அதே பின்னறை. அந்த மூன்று வாரத்தை என் மனைவி நோன்பு மாதத்தை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டிருப்பாள்.

மற்ற நாட்களில் அறைகள் பாதி காலி. அதற்குத்தான் என் மனைவியின் தம்பி யோசனை சொன்னான். அவன் தில்லையடியில் இருக்கிறான். புத்தளம் டவுனில் ஃபோன் கடை வைத்திருக்கிறான்.

"மச்சான், இதுல யாரோடையும் கதைக்கத் தேவல்ல. படம் மட்டுந்தான். வீடு கட்டுறவங்க, கலியாணம் செய்றவங்க, பயணம் போறவங்க எல்லாரும் இதுலதான் படம் தேடுவாங்க. புடிச்சிட்டா ஒரு பின் குத்தி, தங்கட பலகையில வச்சிருவாங்க."

"வச்சு?"

"பிறகு தேவைப்படுற நேரம் எடுப்பாங்க."

வைத்துக்கொண்டு, பிறகு எடுப்பார்கள். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆட்டின் கழுத்து கண்முன்னே வந்து நின்றது.

முதல் மாதம் என்னைப் பின்தொடர்ந்தவர்கள் இரண்டு பேர். இரண்டுமே மச்சான்தான், இரண்டு ஃபோனிலிருந்து. மூன்றாவது ஆள் சேர்ந்த அன்று மனைவியிடம் சொல்லி வட்டிலப்பம் செய்யவைத்தேன். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் அது ஏதோ பற்பசை விற்கிற கணக்கு. என் படங்களும் அப்படித்தான் இருந்தன. கடலேரி ஒரு மூலையில், என் கட்டைவிரல் மறு மூலையில். காய்கிற கருவாட்டை மிக அருகில் போய் எடுத்தேன். அதைப் பார்த்தவர்கள் தளத்தையே மூடிவிட்டு ஓடியிருப்பார்கள். தெருவில் நின்ற கழுதையை எடுத்த படம் மட்டும் பதினான்கு பேரால் குத்தப்பட்டது. கழுதைக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டி வருமோ என்று அப்போதே இலேசாகக் கவலைப்பட்டேன்.

மச்சான் ஃபோனில் பாடம் நடத்தினான். "படுக்க வச்சு எடுக்காதீங்க மச்சான், ஃபோன நிமித்திப் புடிங்க. காலை வெளிச்சத்துல எடுங்க. படத்துக்குக் கீழ நாலு சொல்லு எழுதுங்க, தேடுறவங்களுக்கு ஆம்புடணும். ஒரு நாளைக்கு ஒன்டு போடுங்க, விட்டுராதீங்க. ஒரு நாள் போட்டு ஒம்பது நாள் படுக்காதீங்க."

சுபஹு தொழுதுவிட்டு வந்து தினம் ஒரு படம் போடலானேன். அப்படி ஒரு காலையில் பின்னறைக் கட்டிலைப் படமெடுத்தேன். விரிப்பெல்லாம் இழுத்துவிட்டு, தலையணையைத் தட்டி நிமிர்த்தி, கட்டில் நன்றாகத் தெரியவேண்டும் என்றுதான் எடுத்தேன். ஆனால் ஃபோனை நிமிர்த்திப் பிடித்ததால் கட்டில் கால்வாசியும் சுவர் முக்கால்வாசியும் விழுந்தன. அந்தச் சுவருக்கு என் மனைவி முந்தின வருடம் நிறம் அடித்திருந்தாள். என் கூட்டாளி ஒருவன் படகு வைத்திருக்கிறான். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டையும் பச்சைப் பெயின்டையும் வாங்கி, வெள்ளையில் ஊற்றி, ஒரு தடியால் கலக்கி அவளே அடித்தாள். அது நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. காலை வெளிச்சம் பட்டால் இரண்டும் மாறி மாறித் தெரியும்.

முதல் நாள் ஒன்பது பேர் குத்தினார்கள். ஒரு கிழமையில் அறுபது. பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போதும் ஃபோனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். இருபது நாளில் முன்னூற்றுப் பன்னிரண்டு.

யார் எந்தப் பலகையில் குத்தினார்கள் என்பதையும் பார்க்கலாம். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒருத்தி 'ஜூன்' என்று எழுதியிருந்தாள். எனக்குத் திகதி கிடைத்துவிட்டது. ஒருத்தி 'தேன்நிலவு'. சரி, இரண்டு பேர். ஒருத்தி 'கனவு வீடு' என்று வைத்திருந்தாள். நீண்ட நாள் தங்குகிற ஆள் என்று விளங்கிக்கொண்டேன். ஒருத்தி மட்டும் 'குளியலறை' என்ற பலகையில் என் கட்டிலைக் குத்தி வைத்திருந்தாள். அவளை எங்கே படுக்கவைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெர்மன் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. இந்த வருடமும் அதே அறைதானே, அதே மூன்று வாரந்தானே என்று கேட்டிருந்தார்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். துணி கட்டிய ஆட்டை இன்னொருவருக்குப் பிடித்துக்கொடுக்கிற ஆள் நான் இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டியிருக்கிறார்கள். "மன்னிக்கவும், எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன" என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அப்படி ஒரு வரியை நான் வாழ்நாளில் யாருக்கும் எழுதியதில்லை. "கவலையாக இருக்கிறது. உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு" என்று பதில் வந்தது. மனைவிக்கு அந்த அன்பைச் சேர்ப்பிக்காமல் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் அந்த நல்ல நேரம் ஒரு தடவையும் வந்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பெருமை ஒரு நாள்தான் நின்றது. மறுநாள்தான் அறைகளை எண்ணினேன். இருப்பது இரண்டு அறை. படகுக்காரக் கூட்டாளியைத் தேநீர்க் கடையில் பிடித்தேன்.

"எத்தின பேருடா?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

அவன் பிளேன்டீயைக் கீழே வைத்தான். "ஒரே நாள்லயா?"

"அது தெரியாது. ஒருத்தி ஜூன் என்டு எழுதியிரிக்கா."

"டேய், அவ்வளவு பேருக்குக் கற்பிட்டியில கக்கூசு இரிக்காடா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை.

கடைக்காரர் உள்ளேயிருந்து அண்ணன் முறை வைத்துக் குரல் கொடுத்தார். "நானா, வாறவங்க எல்லாரும் காலையில பேக்கரிப் பாண் தின்பாங்களா, இடியப்பமா? இப்பவே சொல்லிருங்க, மாவு இடிக்கணும்."

"பகிடி உடாதீங்க," என்றேன்.

"நூறு பேர உச்சமுனைக்கு ஏத்தி எறக்குவோம்," என்றான் கூட்டாளி. "தீவுதானே, எங்கையும் ஓட ஏலா. மணல்ல படுக்கட்டும். மிச்ச ஆக்களுக்கு நீ பள்ளிவாசல்ல கேளு."

"நீயும் ஒரு ரூம ரெடி பண்ணுடா. வல போட்டு வச்சிருக்கிற அந்த ரூம். என்னால தனிய ஏலாது."

அவன் சிரித்தான். ஆனால் எழும்பிப் போகும்போது, அந்த அறைக்கு ஜன்னல் வைக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனான்.

நான் புத்தளத்துக்குப் போய், கலியாண வீடுகளுக்கு வாடகைக்குச் சாமான் கொடுக்கிற கடையில் இருபது மெத்தைகளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அவற்றை ஏற்றிய லொறி எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் லுஹர் தொழப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் மனைவி முற்றத்தில் நின்றாள். மெத்தைகள் சுவரோரமாக அவள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"யாரு மௌத்து?" என்றாள், சாவு வீட்டுக்குத்தான் இத்தனை மெத்தை வரும் என்பதுபோல.

"ஒருத்தரும் இல்ல. விருந்தாளிகள் வாறாங்க."

"இருவது பேரா?"

"முன்னூத்திப் பன்னெண்டு. இது முதல் பங்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெயிலில் நின்றுவிட்டு வந்திருப்பேனோ என்று நினைத்தாள்போல. "சரி, வரட்டும். ஜெர்மன் அம்மா வாறப்ப எந்த ரூம்ல போடுறது? பின்னறைய வேற ஒருத்தருக்கும் குடுக்க ஏலா, சொல்லிட்டன்."

நான் மெத்தைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புள்ளட வாப்பா, உங்களத்தான் கேக்குறன்."

"அவங்க வரமாட்டாங்க. ரூம் இல்ல என்டு எழுதிட்டன்."

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. உள்ளே போய்த் தம்பிக்கு ஃபோன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, மேசைமேல் வைத்தாள். "உன்ட மச்சான் முன்னூறு பேருக்கு மெத்த போடுறாரு. என்னத்தச் சொல்லிக் குடுத்த நீ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகைகள், ஜூன், தேன்நிலவு, குளியலறை. மறுமுனையில் அவன் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

"மச்சான், அது புக்கிங் இல்ல மச்சான்! பேப்பர்ல வாற படத்த வெட்டி அலுமாரிக் கதவுல ஒட்டுவாங்க இல்லியா, அந்த மாதிரி. ஒட்டிட்டு மறந்துருவாங்க."

"மறக்கிறவங்க என்னத்துக்குக் குத்துறாங்க?" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"படத்துக்குக் கீழ ஆக்கள் ஏதும் எழுதியிரிக்காங்களா? அதப் பாருங்க."

அதை நான் பார்த்திருக்கவில்லை. எண்களை மட்டுந்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஃபோனைப் பிடுங்கி என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இந்தச் சுவரின் நிறம் என்ன? எந்தக் கம்பெனிப் பெயின்ட்? என் குளியலறைக்கு இதே நிறம் வேண்டும், எங்கே வாங்கலாம்? ஒன்றின்கீழ் ஒன்றாக இருபத்தாறு பேர். கட்டிலைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார்: அதைக் கொஞ்சம் நகர்த்தினால் சுவர் முழுதும் தெரியுமாம்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"உங்கட நிறத்தக் கேக்குறாங்க." வழக்கமாக நான் நீ என்று கூப்பிடுகிறவளுக்கு அன்று என் வாயில் தானாக மரியாதை வந்தது.

அவள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உடனே அதைத் துடைத்துவிட்டாள். "அது கெடக்கட்டும். அந்த அம்மாக்கு எழுதுங்க. இப்பவே. என்ட கண்ணுக்கு முன்னால எழுதுங்க."

எழுதினேன். தவறு நடந்துவிட்டது, அறை காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள் என்று. என்ன தவறு என்று எழுதவில்லை. ஆட்டுக் கதையை ஜெர்மன்காரருக்கு விளக்குகிற அளவுக்கு எனக்கு இங்கிலீசு போதாது. அன்று அவள் சோற்றுக் கோப்பையை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

பதில் மறுநாள் காலை வந்தது. மிகவும் சந்தோஷம், ஆனால் பிந்திவிட்டது என்று எழுதியிருந்தார். எங்களிடம் இடம் இல்லாததால், வழக்கமாகத் தங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற படகுக்காரரிடம் கேட்டார்களாம். அவர் புதிதாக ஓர் அறை தயார் செய்து, ஜன்னலும் வைத்திருக்கிறாராம். அவருக்குச் சொல் கொடுத்துவிட்டார்களாம்.

நான் செருப்பைக்கூடப் போடாமல், மூன்று வேலி தாண்டியிருக்கும் கூட்டாளி வீட்டுக்கு ஓடினேன். அவன் ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டு நின்றான்.

"நீதானேடா ரூம ரெடி பண்ணு என்டு சொன்ன," என்றான். "நான் என்ன, அவங்களக் களவெடுத்தா வந்தன்? நீ தொரத்தின, அவங்க வந்தாங்க."

திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மூணு வேலி தாண்டித்தானே," என்றாள். பிறகு வெகுநேரம் வெங்காயத்தையே உரித்தாள்.

மெத்தைகளைத் திருப்பி அனுப்பிய அதே கிழமையில் மனைவி பெயின்ட் டின்களை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். படத்தில் முகம் விழக்கூடாது, கையும் தடியும் மட்டுந்தான் என்று சொல்லிவிட்டுக் கலக்கினாள். எவ்வளவு நீலம், எவ்வளவு பச்சை என்று நான் கீழே எழுதினேன். அந்தப் படம் சுவர்ப் படத்தையும் தாண்டிப் போனது. இப்போது எங்களைப் பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தாங்கள் அடித்த சுவர்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்புகிறார்கள். அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, "பச்சை கூடிப்போச்சு" என்று எனக்குச் சொல்கிறாள், நான் அவர்களுக்கு எழுதுகிறேன்.

அந்த வருடம் அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் தங்க ஒருவரும் வரவில்லை. ஜெர்மன் தம்பதி சொன்ன நாளில் வந்தார்கள். மூன்று வாரமும் கூட்டாளி வீட்டில் தங்கினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு நாளும் காலையில் மூன்று வேலி தாண்டி வந்து, எங்கள் குசினியில் தேங்காய் துருவிவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பிப் போனார்.