சனிக்கிழமைகளில் மரிசெல் வீட்டுக்குப் போனவர்

சேவியர் அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவருக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒரு பிலிப்பினோ முதியவர். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை மதியம். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்: "பத்து மணிக்கு வந்துடுவான், மஞ்சு. பன்னிரண்டாகியும் வரல. அபார்ட்மென்ட் மேனேஜருக்கு போன் பண்ணிக் கதவைத் திறக்கச் சொன்னேன்." தூக்கத்திலேயே மாரடைப்பு. அண்ணனுக்கு வயது நாற்பத்தெட்டு.

தூத்துக்குடிக்காரர். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நானும் அவரும் பத்தாண்டுகளுக்கு மேல் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்த்தோம். அதிகம் பேசமாட்டார். மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் நான்காம் மாடி நர்ஸ் மரிசெலைப் படத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"முதல்ல வீட்டுக்கு வந்து அப்பாவைப் பாருங்க" என்றார் மரிசெல்.

ஜெர்சி சிட்டியில் அவர்கள் வீடு. மரிசெலின் தாயார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த அப்பா, அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாராம். பிலிப்பைன்ஸில் அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் பெண்ணை விரும்புகிறவன் அவள் வீட்டுக்கு விறகு பிளக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும். இங்கே விறகு ஏது?

"டேட்டிங்னா டின்னருன்னு நெனச்சிட்டேன் மஞ்சு. முதுகு ஒடியுது" என்றார் திங்கட்கிழமை. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் எல்லாச் சனிக்கிழமைகளும் அங்கேதான். பனி அள்ளினார், கூரை ஓரத்துக் குழாயில் அடைத்த இலைகளை எடுத்தார், பெரியவரைக் கண் டாக்டரிடம் காரில் அழைத்துப் போனார். அவரைத் 'தாத்தாய்' என்று கூப்பிடப் பழகினார். அவர்கள் மொழியில் அதற்கு அப்பா என்று பொருள்.

ஒன்றரை வருடம் கழித்து, தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை நீயும் ரகுவும் ஃப்ரீயா? பொண்ணு கேக்கப் போவணும். என் வீட்டாளுங்களா வரணும்."

மாப்பிள்ளையின் பெற்றோர் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்க் கேட்பது அவர்கள் வழக்கம். அதன் பெயருக்கே படியேறி வருவது என்று பொருளாம். நான் பிரியாணி செய்தேன். என் கணவர் ரகு டை கட்டிக்கொண்டார்.

பெரியவர் ரகுவைப் பார்த்து, "நீங்க அண்ணனா, தம்பியா?" என்றார். ரகு வாயைத் திறப்பதற்குள் சேவியர் அண்ணன் சொல்லிவிட்டார்: "நண்பர். எங்க அம்மாவுக்கு இதுல இஷ்டமில்ல. எழுதிக் கேட்டேன், பதிலே இல்ல."

பிரியாணிப் பாத்திரம் மேசையில் மூடியபடியே இருந்தது. மரிசெல்தான் பேசினார். "அவங்க வரவேண்டாம். சம்மதம்னு ஒரு லெட்டர் வரட்டும். நான் வெயிட் பண்றேன்."

மாதம் ஒரு கடிதம் எழுதினார் அண்ணன். ஊரில் அம்மாவோடு இருக்கும் அவர் அக்கா கைப்பட பதில் வரும். மாதாகோயில் திருவிழா, கிணற்றில் தண்ணீர் வற்றியது, மழை பெய்தது எல்லாம் இருக்கும். மரிசெல் பெயர் இருக்காது.

ஒரு வருடம் பார்த்துவிட்டு நான் சொன்னேன்: "அண்ணா, அம்மா எழுதின மாதிரி நானே எழுதித் தரேன். இங்க யாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்?"

இரண்டு நாள் யோசித்தார். பிறகு வந்து, "வேண்டாம். மரிசெல் அத ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிருவா. தெனம் அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி இருக்கது?" என்றார்.

நான் கேட்காமலே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு வருடம் மரிசெல் காத்திருந்தார். முப்பத்தாறு வயதாகிவிட்டது. டெக்சஸில் வேலை கிடைத்துப் போனார். நியூவர்க் விமான நிலையத்துக்கு அவரைக் காரில் கொண்டுபோய் விட்டவர் சேவியர் அண்ணன்தான். அடுத்த ஆண்டு அங்கே மரிசெலுக்குத் திருமணம் ஆயிற்று.

பெரியவர் மகளோடு போக மறுத்துவிட்டார். மனைவியின் கல்லறை இங்கே இருந்தது. மரிசெல் டெக்சஸ் போன வாரத்துச் சனிக்கிழமையும் பத்து மணிக்கு அண்ணன் போய் நின்றார். "இனிமே எதுக்கு வர்ற?" என்று பெரியவர் கேட்டாராம். "பனி பெய்யுதே" என்றாராம் இவர். பிறகு வெயில் காலத்திலும் போனார். இருவரும் டிவியில் பாஸ்கட்பால் பார்ப்பார்கள், அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். வேறு பெண் பார்க்கலாமே என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "பாப்போம்" என்பதோடு சரி.

அவரை இங்கேயே அடக்கம் செய்தோம். ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. பிலிப்பினோ வழக்கப்படி பெரியவர் தம் வீட்டில் ஒன்பது நாள் செபம் வைத்தார். எட்டாம் நாள் என்னிடம், "அவன் பாஷையில ஒரு செபமாவது யாராவது சொல்லணும்" என்றார். நான் இந்து. எனக்கு எந்தச் செபமும் தெரியாது. தூத்துக்குடிக்கு போன் செய்து அவர் அக்காவைக் கேட்டேன். அக்கா மரியன்னை செபத்தை வரிவரியாகச் சொல்ல, நான் காகிதத்தில் எழுதினேன். பாதியில் அக்கா அழத் தொடங்கிவிட்டார். பிறகு இன்னொரு குரல், மிக வயதான பெண் குரல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நிறுத்தி நிறுத்தி, நான் எழுதி முடிக்கக் காத்திருந்து, கடைசிச் சொல் வரை அந்த அம்மா சொன்னார். அதோடு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். டெக்சஸிலிருந்து வந்திருந்த மரிசெல், சமையலறை வாசலில் நின்று கேட்டார். பின்பாதி அண்ணனின் அம்மா சொல்லி எழுதியது என்று வாசிக்கும் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். நான் வாசித்து முடித்ததும் பெரியவர் முதலில் எழுந்து ஆமென் சொன்னார். பிறகு வீடு முழுவதும் சொன்னது.

நிம்மதியாகத் தூங்குங்கள், அண்ணா.