ஓர இருக்கை

டெல்மர் வாவ்ரா நெப்ராஸ்காவில் ஒரு மாநிலக் கல்லூரியின் கணக்கு வாத்தியார். பேராசிரியர் இல்லை. அந்தப் பதவிக்கு அவர் விண்ணப்பித்ததே கிடையாது. விண்ணப்பித்தால் யாராவது ஒருவர் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டி வரும், பாவம், அவருக்குச் சங்கடம் என்பார்.

ஆண்டில் பதினொரு மாதம் அவரை யாரும் தேடுவதில்லை. ஆகஸ்டில் மட்டும் கூடைப்பந்து அரங்கில் அவருக்கு ஒரு மடக்கு மேசை போட்டிருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த அறுநூறு பேரும் வரிசையில் வந்து, எந்தக் கால்குலஸில் தொடங்குவது என்று அவரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். வகுப்புகள் மூன்று: கால்குலஸுக்கு முந்தைய வகுப்பு, கால்குலஸ் ஒன்று, கால்குலஸ் இரண்டு. பள்ளியில் கொஞ்சம் கால்குலஸ் படித்துவிட்டு வந்த எல்லாருக்கும் இரண்டுதான் வேண்டும்.

டெல்மர் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கமாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கார் ஓடிட்டிருக்கு. வேகமுள் அறுபதுல நிக்குது. அந்த ஒரு கணத்துல, நொடி கூட இல்ல, வெறும் கணத்துல, கார் எவ்வளவு தூரம் போயிருக்கும்?”

சட்டென்று ‘அறுபது மைல்’ என்றால் முந்தைய வகுப்பு. ‘ஒண்ணும் போயிருக்காது’ என்று சிரித்துவிட்டு, அடுத்த நொடி முகம் வாடினால் கால்குலஸ் ஒன்று. கேள்வியே தப்பு என்று சண்டைக்கு வந்தால் இரண்டு. இருபத்தொன்பது ஆண்டுகளில் சண்டைக்கு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். யாரையும் மறுத்துப் பேசத் தயங்கும் அந்த ஊர்க்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று புரியும்.

சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே அறிவுரைதான். “வகுப்புல ஓர சீட்டுல உட்காரு.”

ஏன் என்று அவர் சொன்னதில்லை. கல்லூரிக்கே தெரியும். 1966இல் டெல்மர் முதலாண்டு மாணவர். முதல் நாள் அறை மாறிப் போய், ஏழே பேர் இருந்த, இடவியல் என்ற முதுகலைக் கணக்கு வகுப்பில் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் பேச ஆரம்பித்த பிறகுதான் இது கால்குலஸ் இல்லை என்று தெரிந்தது. எழுந்து போகலாம். ஆனால் மூன்று பேர் முழங்காலை மடக்க வேண்டும். அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டார். புதன்கிழமையும் போனார். போகாவிட்டால் வாத்தியார் மனம் நோகும். டிசம்பர் வரை போனார். தேர்வு எழுதினார். கிறிஸ்துமஸுக்கு அந்த வாத்தியார் வீட்டில் சாப்பிட்டார். தனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை என்பதை அவர் முதன்முதலாக வெளியே சொன்னது பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அந்த வாத்தியாரின் இறுதிச்சடங்கில்.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் அந்த மேசைக்கு முன்னால் ட்ரினா வந்து நின்றாள். டெல்மரின் ஒரே மகள். கட்டடப் பொறியியலில் இடம் கிடைத்திருந்தது. ஒரு நிபந்தனை: முதல் பருவத்தின் கணக்குப் பாடத்தில் ‘பி’க்குக் கீழே போனால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும். ட்ரினாவுக்குப் பாலம் கட்ட வேண்டும். ஆறு வயதிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் அவள் சொன்னதில்லை.

“அறுபதுல முள் நிக்குது...” என்று தொடங்கினார் டெல்மர்.

“அப்பா, எனக்கு இந்தக் கேள்வி தெரியும். பத்து வருஷமா சாப்பாட்டு மேசைல கேக்குறீங்க.”

“பதில்?”

“சுழியம். சீட்டுல ரெண்டுன்னு எழுதுங்க. பின்னாடி ஆள் நிக்கிறாங்க.”

அவள் முகம் வாடவில்லை. டெல்மர் அதைப் பார்த்தார். பேனாவை ஒருமுறை மேசையில் உருட்டினார்.

“ரெண்டா?” என்றார். “அதுவும் ஒரு விதம்தான்.”

வாவ்ரா குடும்பத்தில் ‘அதுவும் ஒரு விதம்தான்’ என்பதைவிடக் கடுமையான சொல் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கூரைக்கு ஊதா வண்ணம் அடித்தபோது ஒருமுறை சொன்னார். ட்ரினாவின் காது சிவந்தது. ஆனாலும் அவள் சீட்டை நீட்டியபடியே நின்றாள், அவர் கையெழுத்துப் போட்டார். மகளுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. ஓர சீட்டில் உட்காரச் சொல்லவும் மறந்துபோனார்.

ட்ரினா பன்னிரண்டாவது வரிசையில், பதினொரு இருக்கைகளில் ஆறாவதில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேர்.

பாடம் எடுத்தவர் லிண்ட். நியூயார்க்கிலிருந்து அந்தக் கோடையில்தான் வந்திருந்தார். “புரியாதவங்க கை தூக்குங்க,” என்பார். நூற்றெண்பது பேரில் ஒரு கைகூட எழாது. அந்த ஊரில் அப்படிக் கை தூக்கினால் நடத்துபவரைக் குறை சொல்வது போல. லிண்டுக்கு அது தெரியாது. இப்படி ஒரு புத்திசாலி ஊரை நான் பார்த்ததே இல்லை என்று வேகத்தைக் கூட்டினார்.

முதல் சோதனையில் ட்ரினாவுக்கு இருபதுக்கு மூன்று.

வகுப்பு மாற ஒரு மஞ்சள் படிவம் உண்டு. அதில் பழைய வாத்தியாரின் கையெழுத்து வேண்டும். இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஐந்து தாண்டினால் டிசம்பர் வரை அதே வகுப்புதான். திங்களன்று ட்ரினா படிவத்தை எடுத்துக்கொண்டு லிண்டின் அறைக்குப் போனாள்.

“சொல்லுங்க, என்ன பிரச்சினை?” என்றார் லிண்ட்.

“ஒண்ணும் இல்ல சார். நல்லா போகுது.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு.”

லிண்ட் நெகிழ்ந்துபோனார். ஆர்வம் உள்ளவர்களுக்காக வைத்திருந்த கூடுதல் கணக்குகள் பதினாறை எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மஞ்சள் படிவம் பைக்குள்ளேயே இருந்தது.

புதன்கிழமை மதியம் அப்பாவும் மகளும் கல்லூரி உணவகத்தில் சேர்ந்து சாப்பிடுவார்கள். புதன் என்றால் காரமான பீன்ஸ் குழம்பு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி. அன்று டெல்மர் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செருப்பு ஒரு சைஸ் பெரிசா வாங்கிட்டா கடைல மாத்திக் குடுக்கிறாங்களாம்,” என்றார்.

“என் செருப்பு சரியாத்தான் இருக்குப்பா.”

“சும்மா சொன்னேன். ரேடியோல கேட்டேன்.” ஒரு கவளம். “ஹோலுப் வீட்டுக் கன்னுக்குட்டி பெரிய மாடுங்க பட்டில போயிடுச்சாம். தீவனத் தொட்டி எட்டலயாம்.”

“அப்புறம்?”

“எடுத்துப் பழைய பட்டில விட்டாங்க. கன்னுக்குட்டிய யாரும் ஒண்ணும் சொல்லல.”

“கன்னுக்குட்டிக்கே பிடிச்சிருந்தா?”

டெல்மர் ஊறிப்போன ரொட்டியைக் கரண்டியால் எடுத்தார். “அதுவும் ஒரு விதம்தான்,” என்றார்.

ட்ரினா இரண்டாவது ரொட்டியை எடுத்தாள். அழுகை வரும்போலிருந்தது. ரொட்டி வாயில் இருந்தால் அழ முடியாது.

வெள்ளி வந்தது. வகுப்பு நான்கு மணிக்கு. முடிய நாலு ஐம்பத்தைந்து ஆகும். பதிவு அலுவலகம் வளாகத்தின் மறுகோடி, நடந்தால் பன்னிரண்டு நிமிடம். ட்ரினா கூட்டிப் பார்த்தாள். சரிவரவில்லை. நடுவில் எழுந்தால்தான் உண்டு. இடப்பக்கம் ஐந்து ஜோடி முழங்கால், வலப்பக்கமும் ஐந்து.

நாலு ஐந்துக்குப் பின்கதவு திறந்தது. டெல்மர் உள்ளே வந்தார். கையில் ஒரு மஞ்சள் படிவம். மகளின் பெயரைப் பென்சிலால் எழுதி, மேசைக்கு அவள் வந்த அன்றைக்கே சட்டைப்பையில் வைத்துக்கொண்ட படிவம் அது. லிண்டிடம் வாசலில் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகத்தான் வந்தார். லிண்ட் பேசிக்கொண்டிருந்ததால் குறுக்கிட மனமில்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஓர சீட்டு.

ட்ரினா திரும்பிப் பார்த்தாள். அவர் லேசாகக் கை அசைத்தார். பிறகு பாடத்தைக் கவனித்தார்.

நாலரைக்கு லிண்ட் பலகையில் ஒரு முடிவிலாத் தொடரை எழுதினார். “இது ஒரு எண்ணில் போய்க் குவியுமா? பின்னாடி, கட்டம் போட்ட சட்டை, நீங்க.”

நான் மாணவன் இல்லை, இதே துறைதான் என்று டெல்மர் சொல்லியிருக்கலாம். சொன்னால் லிண்டுக்கு நூற்றெண்பது பேர் முன்னால் தலைகுனிவு. எழுந்து முன்னால் போனார். சுண்ணாம்புக்கட்டியை வாங்கி நான்கு வரியில் முடித்தார். குவியும்.

“அருமை,” என்றார் லிண்ட். “விவசாயமா பண்றீங்க?”

“தோட்டம் கொஞ்சம் இருக்குங்க.”

“இந்த வயசுல படிக்க வந்திருக்கீங்க. நீங்க சரியான வகுப்புலதான் இருக்கீங்க.”

டெல்மர் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். ட்ரினா அப்பாவை அப்படிப் பார்த்ததே இல்லை. கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதரிடம் மறுப்பு சொன்னார்.

“இல்லைங்க. தப்பான வகுப்பு. உங்க மேல குறை ஒண்ணும் இல்ல. ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

லிண்ட் படிவத்தை வாங்கிப் படித்தார்.

“ட்ரினா?”

டெல்மர் பொய் சொல்லமாட்டார். “அதுவும் ஒரு விதமான பேருதான்,” என்றார்.

லிண்ட் தோளைக் குலுக்கிக் கையெழுத்துப் போட்டார். டெல்மர் படிவத்தோடு கதவருகே போய் நின்றுகொண்டார். மகளைக் கூப்பிடவில்லை. கூரையைப் பார்த்தார். மீதி அவள் வேலை.

மணி நாலு முப்பத்தெட்டு. ட்ரினா எழுந்தாள்.

“ஐயோ, கொஞ்சம், சும்மா இப்படி ஓரமா...”

“அடடா, தாராளமா,” என்று முதல் பையன் எழுந்து நின்றான். “கிளம்பிட்டியா?”

“ஆமா, ஒண்ணுக்கு மாறுறேன்.”

“எனக்கும் ஒண்ணும் புரியல,” என்றான் அவன் மிக மெதுவாக.

இரண்டாமவன் தன் கால் தடுக்கியதற்கு மன்னிப்புக் கேட்டான். அவள் அவன் காலை மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது பெண் இவள் அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தாள். நான்காமவனும் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். ஓரத்தில் இருந்த பெண் நாற்காலிக்கடியில் குனிந்து, முழங்கை நீளமுள்ள இரண்டு சீமைச் சுரைக்காய்களை எடுத்தாள்.

“எங்க தோட்டத்துது. வீட்ல வைக்க இடமில்ல. எடுத்துட்டுப் போ, ப்ளீஸ்.”

எல்லார் தோட்டத்திலும் காய்த்துக் கொட்டும் செப்டம்பரில் அதை வேண்டாம் என்று சொன்னவர் அந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. ட்ரினா வாங்கிக்கொண்டாள். ஐந்து இருக்கைகளைக் கடக்கப் பதினொரு நிமிடம் ஆனது. லிண்ட் அதுவரை பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புல்வெளியில் இருவரும் வேகமாக நடந்தார்கள். டெல்மர் எதிரே வந்த எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்.

“அப்பா, அந்தக் கார்.”

“எந்தக் கார்?”

“முள் அறுபதுல நிக்குதே. அந்தக் கணத்துல அது எங்கயும் போகல.”

“சரி.”

“எந்தக் கணத்துலயும் போகலன்னா, அறுபது எங்கேர்ந்து வந்துச்சு?” ட்ரினா நின்றுவிட்டாள். முகம் வாடியிருந்தது. சுரைக்காய் ஒன்று நழுவி விழுந்தது.

டெல்மர் அதைக் குனிந்து எடுத்தார். எடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. “திங்கக்கிழமை சொல்லித் தருவாங்க,” என்றார்.

பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டி நான்கு நிமிடம். கதவு திறந்திருந்தது. எழுத்தர் ஆர்டிஸ் கோட்டு மாட்டி, சாவியைக் கையில் பிடித்தபடி நிலைப்படியில் நின்றிருந்தாள். உள்ளே இருந்த இன்னொருத்தியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். நாலே முக்காலுக்கே தொடையைத் தட்டி ‘சரி, அப்போ’ என்று எழுந்தவள். அந்த ஊரில் கிளம்பும்போது எல்லாரும் செய்வது அது. அதற்குப் பிறகும் வாசலில் அரை மணி நேரமாவது பேசாமல் யாரும் கிளம்பியதில்லை.

“மூடியாச்சா ஆர்டிஸ்?” என்றார் டெல்மர்.

“கதவு மூடினாத்தான் மூடினது. கையில என்ன சுரைக்காயா? எங்க வீட்லயே பதினெட்டு கிடக்கு.”

“உங்களுக்குத்தான் கொண்டு வந்தோம்,” என்றாள் ட்ரினா.

ஆர்டிஸ் பெருமூச்சு விட்டாள். ஒன்றை வாங்கிக்கொண்டாள். முத்திரை குத்தினாள்.

ட்ரினா கால்குலஸ் ஒன்றில் ‘ஏ’ வாங்கினாள். இதுவரை பதினான்கு பாலம் கட்டியிருக்கிறாள். பன்னிரண்டாவது வரிசையிலிருந்து மட்டும் அன்று ஆர்டிஸ் கதவை மூடுவதற்குள் ஏழு பேர் மாறினார்கள். லிண்ட் வேகத்தைக் குறைத்தார்.

இந்த மார்ச்சில் டெல்மர் இறந்தார். தேவாலயத்தில் இருபத்துநான்கு வரிசை, இரண்டு பக்கம். மொத்தம் தொண்ணூற்றாறு ஓர இருக்கை. அடக்கத்துக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். முதல் தொண்ணூற்றாறு பேரும் ஓரங்களில் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் பின்சுவரோரம் நின்றார்கள். நடுவே போய் உட்காரச் சொல்லிப் போதகர் கெஞ்சினார். யாரும் அசையவில்லை. ட்ரினா மட்டும் முதல் வரிசை பெஞ்சின் நட்ட நடுவில் இருந்தாள்.

பிறகு கீழ்த்தளத்தில் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரமாகியும் யாரும் எழவில்லை. கிளம்பலாம் என்று யாராவது தொடங்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக அந்த ஊர்க் கூட்டங்களில் அதைத் தொடங்கியவர் டெல்மர். எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ட்ரினா ரொட்டியின் கடைசித் துண்டை விழுங்கினாள். தொடையைத் தட்டினாள்.

“சரி, அப்போ,” என்றாள்.

எல்லாரும் எழுந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, கோட்டு மாட்டிய ஆர்டிஸ் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள்.