நவாப் கல் நகர்ந்த நாள்

புதுக்கோட்டை ரோட்டின் கிழக்கு ஓரத்தில், பொன்மலை தாண்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் நின்றது. நான் முதலில் பார்த்தபோது அதில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சுரண்டிப் பார்த்தேன்; இங்கிலீஷுக்குக் கீழே தமிழும் இருந்தது. நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்ட போரில் மாண்டவர்கள் நினைவாக வெள்ளைக்காரன் நட்ட கல் அது.

அதற்கு முன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன், முசிறியில் வாழைத்தார் வெட்டினேன். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ரோடு போடும் வேலைக்கு வந்தேன். தார் தெறித்துக் கை கொப்புளித்தது; சோறு கிடைத்தது. எங்கள் பத்துப் பேருக்கும் தலைவர் மேஸ்திரி பாய். பாலக்கரைக்காரர், வெற்றிலை வாய், சிரிக்காமல் சிரிக்க வைப்பவர்.

ரோட்டை அகலப்படுத்த, கல் பத்தடி கிழக்கே போக வேண்டும். சாயங்காலத்துக்குள் நகராவிட்டால் வேறு ஆட்களை வைத்துக்கொள்வதாக ஓவர்சியர் சொல்லிவிட்டுப் போனார். சித்தாள் பெண்களோ கடப்பாரைக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்கள்.

"சாமியக் கேக்காம தொடக்கூடாது பாய்," என்றாள் மூத்த சித்தாள்.

"கேளும்மா. ரெண்டு நவாபும் எங்காளுங்கதான், நான் சொன்னேன்னு சொல்லு."

பூப் போட்டுக் கேட்டார்கள். கல்லின் இரண்டு தோளிலும் நனைத்த அரளிப்பூவை ஒட்டினார்கள். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் கல் அங்கேயே, எங்களுக்கு வேறு ஊர். வெயில் ஏறியது. பூ அசையவில்லை. உச்சி தாண்டியதும் பாய் எழுந்து, தூரத்தில் நின்ற ரோடு ரோலர் டிரைவரிடம் போய் ஏதோ பேசினார். ரோலர் தடதடவென்று வந்தது. தரை அதிர்ந்தது. வலது பூ விழுந்தது.

"ரோலர வெச்சு விழ வெச்சீங்களே!" என்றேன் மெதுவாக.

"வலதுதான் விழணும்னு ரோலருக்குத் தெரியுமா?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

கல்லை நட்டபோது அடுத்த தகராறு. எழுத்து ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பது ஓவர்சியர் உத்தரவு. அப்படியானால் சாமி மேற்கே பார்க்கும். இடம் மாறி உட்காரும் சாமி கிழக்கேதான் பார்க்கணும் என்றாள் மூத்த சித்தாள். பாய் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, சாமி நகரச் சம்மதிச்சதே திரும்பி உக்காரத்தான். பின்பக்கம் வழுவழுன்னு இருக்கு பாரு, அங்க வை குங்குமத்த."

அவள் யோசித்தாள். பிறகு எழுத்துப் பக்கத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பின்பக்கம் பெரிய பொட்டாக வைத்தாள். சாயங்காலம் வந்த ஓவர்சியர், இவ்வளவு சுத்தமாக அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை என்றார். அவர் பின்பக்கம் போகவில்லை.

போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாக வந்தேன். ரோட்டுப் பக்கம் போர் எழுத்து. வயல் பக்கம் ஒரு பெண் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக நின்றாள். கல்லை நட்ட அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே பாய் சொன்னது நினைவுக்கு வந்து, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

"அந்த ரெண்டு நவாபும் இப்படி ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கிட்டிருந்தா, நமக்கு இன்னிக்கு இந்தக் கல்லத் தூக்குற வேலையே இருந்திருக்காதுடா."