செங்கல் தூளும் முனிரத்தினமும்

போன சனிக்கிழமை சமையலறைப் பக்கமிருந்து புளி வாசனை வந்தது. குழம்புக்குக் கரைக்கிற புளி இல்லை. பித்தளை மேல் தேய்த்த புளி. அதற்கென்று ஒரு தனி நாற்றம் உண்டு, பல் கூசும். எட்டிப் பார்த்தேன். மருமகள் கோவில் திருநாளுக்கு மெழுகுவர்த்தித் தண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கும் அது கோவில்தான். "கொஞ்சம் செங்கல் தூள் இருந்தா இன்னும் பளிச்சுனு வரும் மாமா" என்றாள். நல்ல பெண், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டிவிட்டார். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டியிருக்கிறார்கள். கட்டட்டும். காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

சண்டை முடிந்த சமயம். சண்டை என்றால் ஹிட்லர் போட்டது. அது நடந்தவரை மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு படகில் எனக்கு எஞ்சின் டிரைவர் வேலை. சண்டை ஓய்ந்ததும் படகையும் ஏலம் போட்டார்கள், எங்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மணவூரில் மாமனார் வீட்டில் ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து தின்றேன். வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு எப்படிச் சோறு விழும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தட்டை வைக்கிற சத்தத்திலேயே செய்தி வந்துவிடும். மனைவி வேறு அப்போது முழுகாமல் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் திருத்தணியில் டெண்டு கொட்டகை நடத்திக்கொண்டிருந்த நாயுடு, துறைமுக ஏலத்தில் ஒரு ஜெனரேட்டர் எஞ்சினை எடுத்தார். ஊருக்கு அப்போது கரண்ட் கிடையாது. படம் ஓட வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும். அது படகில் விளக்குப் போடுவதற்காகச் செய்த எஞ்சின், உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காமலிருக்க எங்கே தொட்டாலும் பித்தளை. தண்ணீர்ப் பம்பு பித்தளை, குழாய்கள் பித்தளை, எண்ணெய் மூடி பித்தளை, எண்ணெயை வடிகட்டுகிற சல்லடையும் பித்தளை. கடல் எஞ்சினுக்குக் கடல்காரன்தான் வேண்டும் என்று யாரோ சொல்ல, நாயுடு எனக்கு ஆள் அனுப்பினார். கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி, சூடு தணியக் கிணற்றுத் தண்ணீரை அதற்குக் குடிக்கக் கொடுத்தேன். உள்ளே காய்ந்து கிடந்த உப்பைச் சுரண்டியபோது நாயுடு ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, "ஆங், சமுத்திரம்தான்" என்றார். ஏலத்தில் ஏமாறவில்லை என்று அதில்தான் அவருக்கு நிம்மதி.

நாயுடு கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை நீட்டுகிறவர். பெண்சாதியை, கண்ட ஆள் முன்னால், சப்பென்று. அந்த அம்மாள் பெயர் ராஜம்மா. ஒருமுறை அரிக்கேன் கண்ணாடி உடைந்ததற்கு அடித்து, அவள் உதடு கிழிந்தது. நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ராஜம்மாவின் தம்பிதான் முனிரத்தினம். படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர். நாயுடுவை 'பாவா' என்று கூப்பிடுவான், அந்த உறவுத் திமிர் நடையிலேயே தெரியும். அவனுக்கும் எனக்கும் முதல் நாளே ஆகவில்லை. விஷயம் இதுதான்: எஞ்சின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அவன் மெஷின் மெதுவாகச் சுற்றும், படத்தில் கதாநாயகி ஆம்பிளைக் குரலில் பாடுவாள். தரை டிக்கெட்டுக்காரர்கள் விசிலடிப்பார்கள். உடனே அவன் ரூமிலிருந்து ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்துவான்.

"யோவ் வேதக்காரே! தூங்கிகினு கீறியா? பொம்பளைக்கு மீசை முளைச்சிகினு வருது பாரு!"

கிறிஸ்தவனுக்கு எங்கள் பக்கம் வேதக்காரன் என்று பேர். ஜனம் சிரிக்கும். கனகம்மாசத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனம்கூட என்னை 'வேதக்காரே' என்று கூப்பிட ஆரம்பித்தது. நானும் சும்மா இல்லை. அவன் படம் அறுந்தால் போதும், "இன்னா முனிரத்தினம், தறி நெய்யிறியா?" என்று பதிலுக்குக் கத்துவேன். வேண்டுமென்றே எஞ்சினை இரண்டு சுற்றுக் கூட்டி வைப்பதும் உண்டு. படத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்கவில்லை. அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எஞ்சினுக்கு ஓய்வு. "சாமி கும்புடுற எஞ்சினு, அழுக்கா இருக்கலாமா தம்பி? பித்தளையெல்லாம் கழட்டிக் குடு" என்றாள் ராஜம்மா. கழற்றினேன். மூடி, குழாய், பம்பு மூடி. காட்டிக்கொள்ள வேண்டும் என்கிற வீம்பில் சல்லடையையும் கழற்றிக் கொடுத்தேன். படகில் இருந்தபோது பித்தளையை மினுக்குவது எங்களுக்குப் பெருமை. அவள் பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். தங்கம் தோற்றது போங்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வேறு.

சல்லடை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை. நடுவில் என்ன புகுந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மண்ணெண்ணெயில் அலசி, தட்டி, காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆறு வருஷம் அதுதான் தொழில். ஆனால் முனிரத்தினம் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அலசினால் பொட்டு போய்விடும். 'சாமி பொட்டை வேதக்காரன் அழிச்சிட்டான்' என்று அவன் மலையடிவாரம்வரை தமுக்கடிப்பான் என்று பயந்தேன். பொட்டோடு அப்படியே மாட்டிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. மலைக்கு வந்த கூட்டம் அப்படியே கொட்டகைக்குள் வந்தது. முதல் ஆட்டம் ஆரம்பித்து ஒரு மணி நேரம் இருக்கும். எஞ்சின் சத்தம் மாறியது. முதலில் ஒரு முனகல், அப்புறம் இரும்போடு இரும்பு உராய்கிற கிறீச்சு. நான் கையை நீட்டுவதற்குள் 'டக்' என்று நின்றது. இரண்டு பேர் தொங்கியும் சக்கரம் அசையவில்லை. பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டது. கொட்டகை இருட்டில் அத்தனை பேரும் கத்துகிறார்கள், பெண்கள் பக்கம் குழந்தைகள் அழுகின்றன. பெஞ்சு உடைகிற சத்தம் கேட்டது. நாயுடு ஓடி வந்தவர் என் சட்டையைப் பிடித்து, "தீபாவளிக்குப் படம் பேசி வெச்சிருக்கேன். ஓடலேன்னா நீ ஊர் போய்ச் சேரு" என்றார். எனக்குக் கண் முன்னால் மாமனார் வீட்டுத் தட்டுதான் வந்து நின்றது.

விடிந்ததும் பிரித்தோம். 'தோம்' என்கிறேனே, கூட நின்று பிரித்தவன் முனிரத்தினம். எஞ்சின் இல்லாவிட்டால் அவன் மெஷினும் பிணம்தானே. எஞ்சினின் தலையைக் கழற்றி, மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தோம். புளியமரக் கட்டையை பிஸ்டன் மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். மெல்ல அடி என்பேன் நான்; மெல்ல அடிச்சா உங்க தாத்தா வந்தாலும் எறங்காது என்பான் அவன். திட்டிக்கொண்டே அடித்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு நூல் அசைந்தது. சாயங்காலம் பிஸ்டன் கையில் வந்தது, உடம்பெல்லாம் கீறலோடு. எண்ணெய் போய்ச் சேரவே இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

நான் பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் சல்லடையைக் கழற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

எடுத்துப் பார்த்தேன். இரண்டு வலைக்கும் நடுவில் சிவப்பாகக் காய்ந்த அடை. புளி நாற்றம். இவன் இப்போது நேரே பாவாவிடம் போவான், சொல்வான், நான் மூட்டை கட்ட வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அதைவிட மோசம், அது வேகமாக வேலை செய்தது. சல்லடையை மண்ணெண்ணெயில் முக்கி அலசினேன். புளி நாற்றம் போய்விட்டது, தட்டின் அடியில் சிவப்புப் பொடி மட்டும் தங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் நாயுடுவிடம் ஓடினேன்.

"யாரோ மண்ணு போட்டிருக்காங்க ஐயா."

"யாரு?"

"நான் யாரைச் சொல்றது? பூஜைக்கு எஞ்சினைக் கழட்டி வெச்சிருந்தப்ப வாசல்ல நின்னுகினு இருந்தது முனிரத்தினம்தான்."

பாருங்கள், பொய்கூட இல்லை. அவன் நின்றது நிஜம்தானே. இப்படித்தான் அயோக்கியன் பேசுவான்.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையோடு வந்தான். ராஜம்மா காப்பித் தம்ளரோடு கதவோரம் நின்றிருந்தாள். தன் செங்கல்தான் தட்டில் கிடக்கிறது என்று அவளுக்கு ஒரு துளியும் தெரியாது. "நீயாடா போட்டே?" என்று நாயுடு கேட்டார். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான்.

"ஆங். நான்தான்னு வெச்சிக்கோ பாவா."

அறை விழுந்தது. அவன் அசையவில்லை. ராஜம்மா "என் தம்பி அப்டி செய்ய மாட்டான்" என்று அழுதுகொண்டு குறுக்கே வந்தாள். அவன்தான் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை ரயிலில் பிஸ்டனையும் அது ஏறி இறங்குகிற லைனர் குழாயையும் சாக்கில் கட்டிக்கொண்டு மெட்ராஸ் பட்டறைக்குக் கிளம்பினேன். என் கெட்ட நேரம், எதிர்ப் பலகையில் டிரங்குப் பெட்டியோடு அவன் உட்கார்ந்திருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. அரக்கோணத்துக்குப் பாதி தூரம் போகும்வரை இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"அலசிட்டு மாட்டணும்னு உனக்குக் கப்பல்ல சொல்லிக் குடுக்கலியா?" என்றான்.

"அலசியிருந்தா பொட்டை அழிச்சிட்டான்னு நீ ஊரைக் கூட்டியிருப்பே."

கன்னத்தைத் தடவிக்கொண்டான். "ஆங். கூட்டியிருப்பேன்."

"அப்ப ஏன் சொல்லல? நேத்து ஏன் சொல்லல?"

"உனக்காகன்னு நெனச்சிக்காதே. உன்னைச் சொன்னா, எங்க அக்கா தேச்சதைச் சொல்லணும். பாவா கை உனக்குத் தெரியும்."

அரக்கோணத்தில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். பிளாட்பாரத்தில் நின்று என் முகத்துக்கு நேரே, நிதானமாக, "அயோக்கியப் பயலே, நீ நாசமாப் போ" என்றான். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. தலையை நீட்டி, "நீ போடா நாசமா!" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

லைனரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எஞ்சின் ஓடியது. நாயுடு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் முதல் பெண் பிறந்தாள். பதினொரு வருஷம் அந்த எஞ்சினோடு இருந்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ராஜம்மா சல்லடையைத் தேய்த்துக் கொடுப்பாள். நான் மூலையில் போய் மண்ணெண்ணெயில் அலசிவிட்டு, நானே சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டுவேன். கொடுக்கும்போதெல்லாம் கேட்பாள், "ரயில்ல ஒண்ணாத்தானே போனீங்க தம்பி, எங்க போறேன்னு ஒண்ணும் சொல்லலியா?" இல்லை அம்மா என்பேன். அவன் எழுதவே இல்லை. அவள் சாகிறவரைக்கும் கேட்டாள்.

ஊருக்குக் கரண்ட் வந்தது. எஞ்சினைப் பழைய பித்தளைக்கு உடைத்தார்கள். நாயுடு போய்விட்டார். கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே போனால் பழைய ஆட்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், நாணயமான மனுஷன் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் ஒருமுறை என்னைக் காட்டிப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை இன்னான் என்று தெரிந்து, முகத்துக்கு நேரே அயோக்கியப் பயலே என்று கூப்பிட இந்த ஊரில் ஒருத்தன் இருந்தான். அவனை நான்தான் ரயிலேற்றி அனுப்பினேன்.