நெஞ்சில் ஒரு கறுப்புப் பொட்டு

தண்ணீருக்கும் தோல் உண்டு. அது எவ்வளவு பிசுக்கென்று அளப்பதுதான் என் வேலை. பேராதனையில் ஓர் ஆய்வுகூடம். நீரின்மேல் மெல்லிய படலம் ஒன்றைப் பரப்பி, கண்ணுக்குத் தெரியாத மணிகளை அதில் மிதக்கவிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். மணி துள்ளித் திரிந்தால் படலம் இளக்கம், தயங்கினால் இறுக்கம்.

நாங்கள் அளப்பது நுரையீரலுக்குள் இருக்கிற படலத்தை. மாதம் நிறையாமல் பிறந்த என் மகளுக்கு அது போதவில்லை. குழாய் வழியே அதையே மருந்தாக விட்டுத்தான் மூச்சைப் பிடித்துக் கொடுத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். தூங்கும் குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தவர்களே, நீங்களும் என் ஆட்கள்தான்.

ரயில்

திரையில் மணிகள், பனிக்குள் வழி தவறிய விளக்குகள்போலத் தம் பாட்டில் அலையும். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் உடம்பில் பாரம் இல்லாமல் போய்விடும். ஒரு நாள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தன. பக்கத்துச் சந்தியில் நாவலப்பிட்டி ரயில் போக, மேசை அதிர்ந்து நீர் இழுபட்டிருக்கிறது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“மிஸ், எல்லாம் நாவலப்பிட்டிப் பக்கமே போகுது, எனக்கும் ஒரு டிக்கட் போடுங்க!”

எண்ணெய்

ஆய்வுகூடத்துக்கு எண்ணெய், கிறீம் எதுவும் பூசி வரக் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் தொட்டேன். ஆனாலும் மணிகள் ஒரு மூலையில் கூடிக் குவிந்து நின்றன. எங்கள் ஆய்வுகூடத்தை நடத்தும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியை குனிந்து பார்த்தார். பிறகு என் முழங்கையை முகர்ந்தார்.

“பிள்ளை, இது நுரையீரல் படலமில்லை, உம்மட மகளைக் குளிக்க வார்க்கேக்க பூசின எண்ணெய்.”

பொட்டு

திரையில் மணி நின்றால் குறித்துக்கொள்வேன். மகளின் நெஞ்சு ஒரு கணம் நின்றால் செபிக்கத் தொடங்குவேன். கொன்வென்டில் படித்த செபமெல்லாம் பாதியில் மறந்துபோகும். கண்ணை நம்ப முடியாமல், அவள் நெஞ்சில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தேன். அது ஏறி இறங்குவதைப் போனில் படமெடுத்து, மணிகளைப் பின்தொடரும் அதே மென்பொருளில் போட்டு வரைபடமாக்கி, கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் வரைபடத்தைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். சுவர்மணிக்கூடுகூட மிதப்பதுபோல் இருந்தது எனக்கு.

“உங்க மகள் ஒழுங்காத்தான் மூச்சு விடுறாங்க. பொட்டைக் கன்னத்துல வைங்கம்மா, இனி நீங்களும் கொஞ்சம் மூச்சு விடுங்க.”

அசைகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க ஆய்வுகூடத்தில் சம்பளம் தருகிறார்கள். தொட்டிலருகே அதே வேலையை, டொக்டர் சொன்ன பிறகும், சும்மாவே செய்துகொண்டிருக்கிறேன்.